ஒப்படைத்ததும் முடித்ததும்

2022ஆம் ஆண்டு தை மாதத்தில், எமது துறையிலே நடைபெற்ற சிறு கருத்தரங்கொன்றில் நான் ஒரு பொய்யுரைத்தேன். உரைத்த வேளையில் அது பொய்யென்பதை நான் அறியேன். நீரிலும் ஈரத்திலும் கெட்டுப்போன பழைய நிழற்படமொன்றை எங்கள் கணனி இரண்டு மில்லிசெக்கனிற் செப்பனிட்டுவிடுகின்றது என்பதே அப்பொய். திரையிலே அந்த எண்ணைப் பெரிதாக எழுதியும் காட்டினேன். சபையினர் கைதட்டினர். பின்வரிசையில் அமர்ந்திருந்த இரசாயனவியற் பேராசிரியர் ஒருவர் மட்டும் எழுந்து, “தம்பி, நீர் அளந்தது வேலை முடிந்த நேரத்தையா, வேலையைக் கொடுத்த நேரத்தையா?” என்று வினவினார். தாக்கமொன்று முடிவுறும் புள்ளிக்காக ஆய்வுகூடத்திலே மணிக்கணக்காகக் காத்திருந்து பழகியவர் அவர். நானோ அக்கேள்வியின் பொருளை விளங்கிக் கொள்ளாமலே, இரண்டும் ஒன்றுதானே என்று கூறி அடுத்த படத்துக்குச் சென்றுவிட்டேன்.

இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சில மாதங்களின் பின்னர் எனக்கு உணர்த்தியவர் ஒரு முதிய பெண்மணி. கணனியைப் பற்றி அவர் எதனையும் கற்றவரல்லர்.

இவ்விதழை வாசிப்போரிற் பெரும்பாலார் கலைப்பீடத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆதலின், எதற்காக இம்முயற்சியில் இறங்கினோம் என்பதை முதலிற் கூறுவதே முறை. எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் கிழக்கு நோக்கி நகர்ந்த அந்த மழையிரவிலே, அம்மா துவிச்சக்கர வண்டியின் பின்னாசனத்திற் கட்டிக்கொண்டு சென்ற பெட்டி அது. உள்ளே காணி உறுதிகளும் படங்களும் இருந்தன. உறுதிகள் பொலித்தீன் உறையில் இருந்தமையாற் தப்பின. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தெடுத்தபோது ஒருவருடைய முகத்தின் பாதி மற்றவருடைய படத்தின் முதுகிலே போய்விட்டது. இத்தகைய பெட்டி இல்லாத வீடு எங்களிடையே குறைவு. கிழக்கிலங்கைக் கரையோரத்திலே, 2004 மார்கழி 26இன் பின்னர், சேற்றிலிருந்து பொறுக்கியெடுத்த படங்களை இன்னும் வைத்திருப்போர் உளர்.

இறுதியாண்டு மாணவர் இருவரும் நானும் சேர்ந்து ஓர் இணையச் செயலியை உருவாக்கினோம். எவரும் தம்முடைய கைத்தொலைபேசியாலே பழைய படத்தைப் பிடித்து அனுப்பலாம். அது துறையின் சேவையகக் கணனியை வந்தடையும். அங்கே கறை நீக்கப்பட்டு, மங்கிய நிறம் மீட்கப்பட்டு, சிறு துளைகள் அயற்பகுதியின் நிறத்தால் நிரப்பப்பட்டு, அனுப்பியவருக்கே திரும்பிச் செல்லும். பெருந்துளைகளை நாம் நிரப்புவதில்லை. சாம்பல் நிறமாகவே விட்டுவிடுவோம். இல்லாத கண்ணை இயந்திரம் தானே கற்பனை செய்து வரைந்து கொடுக்கும் செயலிகள் இன்று மலிந்துள்ளன. அவை தரும் கண் அழகாயிருக்கும், ஆனால் இறந்தவருடையதாயிராது. இவ்விடயத்தில் நாங்கள் மூவரும் தொடக்கத்திலேயே பிடிவாதமாயிருந்தோம். பிறிதொரு வழியாக அதே குற்றத்தைச் செய்யப்போகின்றோம் என்பது அப்போது தெரியாது.

இனி இயந்திரத்தைப் பற்றிச் சிறிது. கணனியின் மைய முறைவழியாக்கி எந்த வேலையையும் செய்யவல்லது. ஆயினும் ஒரே வேளையிற் சில வேலைகளையே செய்யும். வரைவியல் முறைவழியாக்கியோ ஆயிரக்கணக்கான எளிய கணக்கலகுகளைக் கொண்டது. மாணவர் இதனை ஜி.பி.யு. என்பர். 1999இல் என்விடியா நிறுவனம் விளையாட்டுக்களின் பொருட்டு வெளியிட்ட ஜிபோர்ஸ் 256 என்னும் அட்டையோடுதான் இப்பெயர் பரவலாயிற்று. 2007இல் அதே நிறுவனம் கூடா என்னும் ஒழுங்கை வெளியிட்டதன் பின்னர், விளையாட்டல்லாத கணக்குகளையும் அந்த அட்டைகளிடம் ஒப்படைப்பது எளிதாயிற்று. ஒரு படத்தின் பல இலட்சம் புள்ளிகளுக்கும் ஒரே கணக்கைச் செய்யவேண்டியிருக்கும்போது இதனை விஞ்சுவது அரிது.

ஆனால் இவ்விரண்டும் ஒரே மேசையில் இருந்து வேலை செய்பவை அல்ல. மைய முறைவழியாக்கி தன் கட்டளைகளை ஒரு வரிசையிலே வைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். அவ்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தனக்கு வசதியான வேளையில், வரைவியல் முறைவழியாக்கி செய்துகொண்டிருக்கும். வைப்பதற்கு மிகக் குறுகிய நேரமே ஆகும். செய்வதற்கு எவ்வளவு ஆகும் என்பது வேறு கணக்கு. நான் கருத்தரங்கிற் காட்டிய இரண்டு மில்லிசெக்கன், கட்டளைகளை வரிசையில் வைத்து முடித்த நேரம். வேலை முடியும்வரை உண்மையாகவே காத்திருந்து பின்னர் அளந்தபோது ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் வந்தது. எழுநூறு மடங்குக்கு மேற்பட்ட பொய்யை நான் சபையிலே கூறியிருந்தேன்! எனக்கு முன்னும் பின்னும் இத்துறையிலே பலர் இதே பிழையை விட்டிருக்கின்றனர் என்பது ஓர் ஆறுதலாயினும், பேராசிரியரைக் காணும்போதெல்லாம் நான் சிறிது காலம் வேறு வழியாற் சென்றேன்.

தவறான அளவு என்பது வெட்கத்தோடு முடிந்துவிடக்கூடியது. அதே அறியாமை வேறோரிடத்திலும் ஒளிந்திருந்தது. அதனை விளக்குவதற்கு எங்கள் ஊர் மில்லை நினைவுகூரவேண்டும்.

சிறுவயதிலே அரிசியையும் மிளகாயையும் கொண்டுபோய் அரைத்து வருவது என் வேலை. அம்மம்மா ஒவ்வொரு முறையும் ஒரே புத்திமதியைக் கூறுவார்: “மில்காரன் சாக்கை வாங்கினவுடனை விளையாடப் போயிடாதை. மா கொட்டி முடியுமட்டும் வாயடியிலை நில்.” அவருடைய அச்சம் காரணமற்றதன்று. அரைக்கும் இயந்திரத்தின் வயிற்றிலே முந்தியவருடைய மிச்சம் எப்போதும் சிறிது தங்கியிருக்கும். எமது முறை வந்ததும் முதலிற் கொட்டுவது அவருடைய மா. அதன் பின்னரே எம்முடையது. மிளகாய் அரைத்த கையோடு அரிசியைப் போட்டால் புட்டு உறைக்கும். அதனால் நல்ல மில்காரர் ஒரு பிடி குறுநலை முதலில் ஓடவிட்டு இயந்திரத்தைக் கழுவுவார். அவசரக்காரரோ வாயின் கீழே பையைப் பிடித்து, விழுந்ததை அள்ளிக் கட்டித் தந்துவிடுவார்.

எங்கள் செயலியிலும் அத்தகைய ஒரு வாய் இருந்தது. செப்பனிட்ட படம் வரைவியல் அட்டையின் நினைவகத்திலிருந்து கணனியின் நினைவகத்துக்கு வரவேண்டும். விரைவாக வருவதற்காக, நினைவகத்திலே ஓரிடத்தை அசையாதபடி பூட்டி ஒதுக்கியிருந்தோம். இதனை இடையகம் என்று கூறுவோம். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக இடையகம் ஒதுக்குவது நேரம் பிடிக்கும் என்பதால், எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒரே இடையகத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினோம். படத்தை அதனுள்ளே கொணரும் கட்டளையோடு, ‘காத்திருக்கத் தேவையில்லை’ என்னும் ஒரு குறிப்பையும் சேர்த்திருந்தோம். அக்குறிப்பைச் சேர்த்தவன் நான். மாணவர் அல்லர். அதனைச் சேர்த்ததும் செயலி விரைவானது போலத் தோன்றியது. தோன்றாமல் என்ன செய்யும்? படம் வந்து சேருமுன்னரே, இடையகத்தில் இருந்ததை எடுத்துக் கட்டி அனுப்பத் தொடங்கிவிட்டதே.

இவ்வளவு வெளிப்படையான பிழை ஏன் தெரியாமற் போயிற்று என்று கேட்கலாம். இரு காரணங்கள் இருந்தன. ஒன்று, நாங்கள் பரிசோதனைக்குப் பயன்படுத்தியது ஒரே படம். அம்மாவின் திருமணப்படம் அது. நூற்றுக்கணக்கான தடவை அதையே அனுப்பி அதையே பெற்றோம். இடையகத்தில் இருந்த முந்திய படமும் அம்மாவுடையதே, வரவேண்டிய படமும் அம்மாவுடையதே. தன் வீட்டு மாவையே நாள் முழுவதும் அரைத்துப் பார்த்த ஒருவன், கலப்பு இல்லை என்று சான்றிதழ் வழங்கியதற்கு இது ஒப்பாகும்.

மற்றையது சற்று நுட்பமானது. கருத்தரங்கின் பின்னர், பெருந்துளைகளின் பரப்பை எண்ணிப் பார்க்கும் ஒரு படியை மாணவரொருவர் சேர்த்திருந்தார். அந்த எண்ணை அறியாமல் மைய முறைவழியாக்கி அடுத்த படிக்குச் செல்ல முடியாது. ஆகவே, எவரும் கேளாமலே அது அவ்விடத்திற் காத்திருந்தது. அதன் பின் எஞ்சியவை ஒரு சிறு கணக்கும், படத்தைக் கொணர்தலும் மட்டுமே. வழக்கமான நாட்களில் இவை சில மில்லிசெக்கனில் முடிந்துவிடும். மைய முறைவழியாக்கி பதிவேட்டில் ஒரு வரியை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் படம் இடையகத்தை வந்தடைந்திருக்கும். ஆக, எங்கள் செயலியின் நேர்மை பதிவேட்டில் எழுதும் ஒரு வரியின் தாமதத்திலே தங்கியிருந்தது.

2022 பங்குனி, சித்திரை மாதங்களை இந்நாட்டில் வாழ்ந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள் இல்லை. பங்குனி இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை சென்றது. மின்சாரம் வந்ததும் எல்லோரும் எல்லாவற்றையும் ஒருங்கே செய்ய முனைந்தோம்: நீர் இறைத்தல், மா அரைத்தல், தொலைபேசிக்கு மின்னேற்றல். எங்கள் சேவையகமும் மின்சாரத்தோடு எழுந்தது. அதே அட்டையிலே வேறொரு மாணவரின் ஆய்வுக் கணக்கும் உடன் எழுந்து ஓடத் தொடங்கியது. சில மில்லிசெக்கன் வேலை நூறு, இருநூறு என நீண்டது. பதிவேட்டு வரியின் தாமதம் போதாமற் போயிற்று.

சித்திரை வருடப்பிறப்பு கழிந்து சில நாட்களில் எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலோரக் கிராமமொன்றிலிருந்து பேசினார் அந்த அம்மா. பேத்தியின் தொலைபேசியால் தம் அண்ணனின் படத்தை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். சுனாமியோடு போனவர் அண்ணன். சேற்றுக்குள் இருந்து எடுத்த அந்த ஒரு படமே எஞ்சியது. அவர் கோபமாகப் பேசவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

“மகன், படம் வந்திச்சு. வாயும் நாடியும் எங்கட அண்ணன்டதான். நெத்தி அவர்ட இல்ல. நாங்க வேதக்காரர், அவர் திருநீறு பூசினதே இல்ல. இது மூணு குறியோட இருக்கு.”

ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, மீண்டும் செய்து அனுப்புகின்றோம் என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்ப எங்கட அண்ணன்ட நெத்தி ஆர்ட வீட்டுக்குப் போயிருக்கு?” என்று கேட்டார்.

இயந்திரத்தினுள்ளே நிகழ்ந்ததை இதனினும் துல்லியமாக எவரும் கேட்டிருக்க முடியாது. படத்தைச் சுருக்கிக் கட்டும் நிரல், இடையகத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கும். அது வாசிக்கத் தொடங்கியபோது இடையகத்தில் இருந்தது முந்தியவருடைய படம். நெற்றிவரை வாசித்து முடிப்பதற்குள் அண்ணனின் படம் வந்து இடையகம் முழுவதையும் நிரப்பிவிட்டது. எஞ்சிய வரிகள் அவருடையவை. அவருடைய நெற்றி இடையகத்திலே தங்கியிருந்தது. அடுத்து வந்தவருக்கும் அவசரம் நேர்ந்திருந்தால், அது அவரிடம் போயிருக்கும்.

அன்றிரவே தேடத் தொடங்கினோம். பிழை பிடிபடவில்லை. ஐயத்துக்குரிய இடத்திலே படத்தின் சில புள்ளிகளின் பெறுமானத்தைத் திரையில் அச்சிடும்படி ஒரு வரியைச் சேர்த்தோம், பிழை மறைந்துபோயிற்று. அவ்வரியை எடுத்தால் எப்போதாவது தலைகாட்டியது. வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் தணிந்துவிடும் நோயாளியைப் போல என்று மாணவர் சிரித்தனர். காரணம் பின்னரே விளங்கிற்று. ஒரு பெறுமானத்தை அச்சிட வேண்டுமாயின் அதனை அறிந்தாக வேண்டும். அறிவதற்குக் காத்திருந்தாக வேண்டும். சோதிக்கும் செயலே நோய்க்கு மருந்தாகிவிட்டது. மூன்றாம் நாள், மாணவருள் இளையவர் ஒரு யோசனை கூறினார். முழுக்கக் கறுப்பான படமொன்றையும் முழுக்க வெள்ளையான படமொன்றையும் மாறி மாறி அனுப்புவோம், அட்டையிலே வேறொரு கனத்த கணக்கையும் உடனோட விடுவோம் என்றார். அரைமணி நேரத்தில், மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாக, கத்தியால் வெட்டினாற்போன்ற நேர்க்கோட்டோடு ஒரு படம் வந்தது. மூவரும் பேசாது அதனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் திருமணப்படம் நூறு தடவை மறைத்ததை அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒரே தடவையிற் காட்டிவிட்டது.

திருத்தம் ஒரு வரியில் முடிந்துவிடும் என்றே எண்ணினோம். வரிசையில் உள்ள வேலை யாவும் முடியும்வரை நில் என்று மைய முறைவழியாக்கிக்குக் கட்டளையிட ஒரு வழி உண்டு. அதனை இட்டோம். படங்கள் கலக்கவில்லை. ஆனால் மறுநாளே, பக்கம் திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று முறைப்பாடுகள் வரத் தொடங்கின. எங்கள் இணையச் செயலி, ஒரே ஆள் நின்று எல்லா வாடிக்கையாளரையும் மாறி மாறிக் கவனிக்கும் கடையைப் போல அமைக்கப்பட்டது. அந்த ஆளையே மில் வாயடியில் நிறுத்திவைத்தால், கடைக்கு வந்த ஏனையோர் வெளியே நிற்கவேண்டியதுதான். ஒருவருடைய மாவைக் காப்பதற்காக ஊரையே காக்கவைத்தோம். காத்திருக்காமை ஒரு பிழையாயிருந்தது போலவே, காத்திருக்கும் ஆளை மாற்றி நிறுத்தியதும் பிழையாயிற்று. காத்திருத்தல் வேண்டும், ஆனால் எவர், எவ்விடத்தில் என்பதே கேள்வி.

இக்கேள்வி புதியதன்று. மலைநாட்டுப் புகையிரதத்திற் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். ஒற்றைப் பாதையில், நிலையத்தை அண்மிக்கும் வண்டியிலிருந்து சாரதி ஒரு வளையத்தை நீட்டுவார். நிலையத்தில் நிற்பவர் அதனை வாங்கிக்கொண்டு வேறொரு வளையத்தைக் கொடுப்பார். வளையத்தோடு சேர்ந்த பைக்குள் ஓர் உலோக வில்லை இருக்கும். இரு நிலையங்களுக்கும் இடையிலான பாதைக்கு ஒரு வேளையில் ஒரு வில்லையே வெளியே இருக்கமுடியும் என்னும்படி இரு நிலையத்துப் பொறிகளும் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டவை. வில்லையின்றி வண்டி நகராது. ஒல்லாந்த நாட்டுக் கணனியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1960களின் முற்பகுதியில், ஒரே வளத்தை நாடும் நிரல்களை ஒழுங்குபடுத்துவதற்கு ஒரு முறையை வகுத்தபோது, புகையிரதக் கைகாட்டியின் பெயரையே அதற்கு இட்டார். ஜிபோர்ஸ் 256 அட்டை பிறப்பதற்கு முப்பதாண்டுகளுக்கு மேல் முந்திய சிந்தனை அது. பாடமாக நான் அதனை மாணவர்க்குக் கற்பித்தவன். பரீட்சையில் அதுபற்றி வினாவும் தொடுத்தவன். என் செயலியில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

புதிய அமைப்பிலே இடையகங்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லை. படமொன்றை ஏற்கும் வேலையாள் நிரல், வில்லையைப் பெற்ற பின்னரே இடையகத்தைத் தொடலாம். படத்தைக் கொணரும் கட்டளைக்கு அடுத்தபடியாக, வரிசையிலே ஒரு நிகழ்வுக் குறியை வைப்போம். வரைவியல் முறைவழியாக்கி தனக்கு முன்னுள்ள வேலைகளை முடித்து அக்குறியைக் கடக்கும்போது குறி நிமிரும். நிமிர்ந்ததைக் கண்ட பின்னரே வாசித்தல். வாசித்துக் கட்டி முடித்து, இடையகத்தைச் சுழியங்களால் நிரப்பிய பின்னரே வில்லை திரும்பும். இந்தச் சுழியம் நிரப்புதல் கண்டிப்பாகத் தேவையானதன்று என்று மாணவர் வாதிட்டனர். கணக்கின்படி அவர்கள் கூறியது சரி. நான் விட்டுக்கொடுக்கவில்லை. இனி ஒருகால் எங்காவது தவறினாலும் கறுப்பு வரட்டும், இன்னொருவரின் நெற்றி வரவேண்டாம். மில்காரரின் ஒரு பிடி குறுநல் அது.

காத்திருப்பவர், கடையில் நிற்பவர் அல்லர். உள்ளே இருக்கும் வேலையாள் நிரல். கடையில் நிற்பவர் படத்தை வாங்கிக்கொண்டு, வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வழங்குவது போல ஓர் இலக்கத்தைக் கொடுத்துவிடுவார். அனுப்பியவரின் தொலைபேசியிலுள்ள உலாவி, சில செக்கனுக்கு ஒரு முறை அவ்விலக்கத்தைக் காட்டி ‘முடிந்ததா?’ என்று கேட்கும். வரிசைக்கிரமமான இலக்கமாயின் அடுத்தவருடையதை எவரும் ஊகித்துவிடுவார்; ஆகவே அது ஊகிக்கவியலாத நீண்ட எழுத்துத் தொடர். இவ்விடத்து ஒரு சிறு செய்தி. இணையத்தின் பரிமாற்ற ஒழுங்குகளிலே, வேண்டுகோள் நிறைவேறியது என்பதற்கு 200 என்னும் எண்ணும், ஏற்றுக்கொள்ளப்பட்டது ஆனால் இன்னும் முடியவில்லை என்பதற்கு 202 என்னும் எண்ணும் தனித்தனியே உண்டு. 1996இல் வெளியான எச்.ரி.ரி.பி. 1.0 விவரணத்திலேயே இவ்வேறுபாடு எழுதப்பட்டுள்ளது. பேராசிரியர் என்னிடம் வினவிய வேறுபாடும் இதுவே.

படத்தை எங்களிடம் அனுப்பாமல், அனுப்புவோரின் உலாவியே தன் வரைவியல் முறைவழியாக்கியாற் செப்பனிட்டால் என்ன என்று சிலர் கேட்டனர். 2011இல் வந்த வெப்ஜீஎல், 2023 முதற் குரோம் உலாவியில் இடம்பெற்ற வெப்ஜிபியு ஆகியன இதனை இயலச் செய்கின்றன. அங்கும் இதே சிக்கல் உண்டு. உலாவியின் ஒற்றைப் பணியாளைக் காக்கவைத்தால் பக்கம் உறைந்துவிடும் என்பதனாலே, வெப்ஜிபியுவை வகுத்தோர் முடிவை நேரே வாசிக்க இடமே கொடுக்கவில்லை. முடிந்ததும் அறிவிப்பேன் என்னும் வாக்குறுதியை மட்டுமே அது தரும். விவேகமான ஏற்பாடு. ஆனால் எங்களுக்குப் படம் அனுப்புவோர் கையில் இருப்பவை பெரும்பாலும் பழைய தொலைபேசிகள். அவ்வெண்ணத்தை ஒத்திவைத்தோம்.

திருத்தம் முடிந்தது. முடியாத ஒன்று இருந்தது. எத்தனை பேருக்குப் பிறருடைய முகம் போயிற்று? அனுப்புவோரின் அந்தரங்கத்தைக் காக்கவென்று, படங்கள் யாவற்றையும் ஒரு நாளின் பின்னர் அழித்துவிடுவதை விதியாக வைத்திருந்தோம். பெயரோ விலாசமோ கேட்பதில்லை. எங்களுடைய விதிகளில் நான் மிகவும் பெருமைப்பட்டவை இவை. இப்போது அவையே, நாங்கள் செய்த தவற்றின் கணக்கை எங்களிடமிருந்தே மறைத்துவிட்டன. முகப்புப் பக்கத்திலே உண்மையை விளக்கி ஓர் அறிவித்தல் இட்டோம். பங்குனி, சித்திரையிற் படம் பெற்றோர் அதனைக் கவனமாகப் பார்க்குமாறும், ஐயமிருப்பின் மீண்டும் அனுப்புமாறும் கேட்டோம். சிலர் அனுப்பினர். மேலும் இரு படங்களில் அந்த நேர்க்கோடு இருந்தது. ஒன்றில் அது சுவரின் நடுவே விழுந்திருந்தமையாற் படத்துக்குரியவர் கவனித்திருக்கவில்லை. அறிவித்தலைக் காணாதோர் எத்தனை பேர், கண்டும் தம் கண்ணையே ஐயுற்று வாளாவிருந்தோர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

அண்ணனின் படத்தை அந்த அம்மாவுக்குத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நல்ல தாளில் அச்சிட்டு, ஆவணி மாதத்திலே, பஸ் ஓடத் தொடங்கியிருந்த ஒரு நாளில் நானே கொண்டு சென்றேன். கடலுக்கும் வீதிக்கும் இடையே ஒரு சிறு வீடு. படத்தை வாங்கி, ஜன்னலோரமாக வெளிச்சத்திற் பிடித்து, நெற்றியைத்தான் முதலிற் பார்த்தார். இடப்புறப் புருவத்துக்கு மேலே ஒரு துளை இருந்தது. அதனை நாங்கள் சாம்பலாகவே விட்டிருந்தோம். அது பரவாயில்லை என்றார். பேத்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

நான் சென்றதற்கு வேறொரு நோக்கமும் இருந்தது. முன்னர் போன பிழையான படத்தை அழித்துவிடும்படி கேட்கவேண்டும். அதில் இருக்கும் நெற்றி இன்னொரு வீட்டினருடையது. அவர்களுடைய ஒப்புதலின்றி அது இங்கே இருப்பது முறையன்று. இதனை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வசனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தேன். சொல்லியும்விட்டேன்.

அவர் எழுந்து சென்று வேதாகமத்தை எடுத்து வந்தார். தொலைபேசியில் வந்த அந்தப் படத்தைப் பட்டினத்துக் கடையிலே அச்சிட்டு, அதனுள்ளே வைத்திருந்தார். மூன்று திருநீற்றுக் குறிகளும், அவற்றின் கீழே அண்ணனின் வாயும்.

“தொலைபேசியில இருக்கிறத புள்ள அழிச்சிருவாள். இத எப்படி மகன் கிழிக்கிற? அவர்ட ஆக்கள்ட இது இருக்கோ இல்லயோ. தேடி வந்தாக்கா நான் என்னத்தக் காட்டுற?”

என்னிடம் விடை இருக்கவில்லை. தேநீரைக் குடித்தேன். அவர் அதனை மீண்டும் வேதாகமத்துள் வைத்து, புதிய படத்தை வேறொரு பக்கத்தில் வைத்து மூடினார். நாலரை மணி பஸ்ஸுக்குப் பேத்தி என்னைச் சந்திவரை கூட்டி வந்தாள்.